முதலில் வந்தது கூட்டம், சூப்பர் ஹீரோ அப்புறம்தான் வந்தார்

வணக்கம் மக்களே. பின்னால் ஃபேன் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வெயிலில் அதை நிறுத்திவிட்டுப் பேச என்னால் முடியாது.

காமிக்ஸ் படிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு புலம்பல் இருக்கிறது. "இப்போதெல்லாம் எந்த காமிக்ஸைத் திறந்தாலும் கே, லெஸ்பியன், திருநர் என்று திணிக்கிறார்கள். அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?" இல்லைதான். ஆனால் யாருக்கும் எழுதத் தோன்றாமல் போனதால் இல்லாமல் போகவில்லை. எழுதக் கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

1954, அமெரிக்கா. ஃபிரெட்ரிக் வெர்தாம் என்று ஒரு மனநல மருத்துவர். பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு காமிக்ஸ்தான் காரணம் என்று ஒரு புத்தகமே எழுதினார். பேட்மேனும் ராபினும் ஒரே மாளிகையில், பூங்கொத்தும் பட்லருமாக வாழ்வதைப் பார்த்து, இது இரண்டு தன்பாலீர்ப்பாளர்கள் காணும் கனவு என்றார். வொண்டர் வுமனையும் விடவில்லை. அதே ஆண்டு செனட் குழு ஒன்று காமிக்ஸ் பற்றி விசாரணை நடத்தியது. அரசாங்கம் கை வைப்பதற்குள் நாமே கட்டுப்பாடு போட்டுக்கொள்வோம் என்று பதிப்பாளர்கள் பயந்துபோய் ஒரு விதித்தொகுப்பை உருவாக்கினார்கள். காமிக்ஸ் கோட். 'பாலியல் வக்கிரம்' எதுவும் கூடாது, அதைப் பற்றிய குறிப்புகூடக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அந்த வக்கிரப் பட்டியலில் யாரைச் சேர்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் கோட் முத்திரை இல்லாத இதழை மொத்த விற்பனையாளர்கள் தொட மாட்டார்கள். கடைக்கே போகாத புத்தகத்தை யார் வாங்குவது?

வெர்தாமை முழு வில்லனாக்கிவிடவும் மனம் வரவில்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் மருத்துவமனை நடத்திய மனிதர் அவர். ஆனால் 2010இல் அவருடைய ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டதும், கேரல் டில்லி என்ற பேராசிரியர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். சிறுவர்கள் சொன்னதை வெர்தாம் வெட்டியிருக்கிறார், ஒட்டியிருக்கிறார், இருவர் சொன்னதை ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறார் என்று கண்டுபிடித்தார். இப்படிப்பட்ட ஆதாரத்தின் மேல் நின்ற ஒரு விதி, 1989இல் திருத்தும் வரை தன்பாலீர்ப்பைப் பக்கங்களுக்கு வெளியே வைத்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டு!

சரி, அந்த முப்பத்தைந்து ஆண்டும் எல்லோரும் சும்மா இருந்தார்களா? முத்திரையே வேண்டாம் என்று ஒரு கூட்டம் தனியாகப் போனது. அதுதான் அண்டர்கிரவுண்டு காமிக்ஸ். 1972இல் பெண்களே நடத்திய ஓர் இதழில் டிரினா ராபின்ஸ் லெஸ்பியன் பெண் ஒருவரைப் பற்றி ஒரு கதை வரைந்தார். மேரி விங்ஸ் அதைப் படித்தார். டிரினா லெஸ்பியன் இல்லை, மேரி லெஸ்பியன். வெளியிலிருந்து பார்த்து எழுதியது மாதிரி இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. கோபப்பட்டு உட்கார்ந்துவிடாமல், 1973இல் 'கம் அவுட் காமிக்ஸ்' என்று தானே ஒன்றை வரைந்து, தானே அச்சடித்து வெளியிட்டார். அச்சடித்த இடம், பெண்கள் நடத்திய ஒரு கராத்தே கூடத்தின் அடித்தளம். இதையே தனிப் படமாக எடுக்கலாம்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஹோவர்ட் க்ரூஸ். அலபாமாக்காரர், பாதிரியாரின் மகன். கே காமிக்ஸ் தொகுப்பு ஒன்று கொண்டுவரலாம், நீங்கள் ஆசிரியராக இருக்கிறீர்களா என்று டெனிஸ் கிச்சன் என்ற பதிப்பாளர் அவரைக் கேட்டார். க்ரூஸ் யோசித்தார். யோசிக்காமல் எப்படி இருப்பார்? அட்டையில் பெயர் வந்த நாளிலிருந்து ஊருக்கே தெரிந்துவிடும், வேறு யாரும் வேலை தராமல் போகலாம். ஆனாலும் ஒப்புக்கொண்டு, அண்டர்கிரவுண்டில் வரைந்துகொண்டிருந்த ஓவியர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். உங்களில் யாராவது இருந்தால் வாருங்கள் என்று. யார் என்று அவருக்கே தெரியாது, அதனால்தான் எல்லோருக்கும் எழுதினார். 1980இல் 'கே காமிக்ஸ்' முதல் இதழ் வந்தது. ஆண்களும் வரைய வேண்டும், பெண்களும் வரைய வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஓர் இளம்பெண் அந்த இதழைப் பார்த்துவிட்டு, ஓஹோ, நம் வாழ்க்கையையும் இப்படி வரையலாமா என்று நினைத்தார். அந்தப் பெண்தான் அலிசன் பெக்டெல். 1983இலிருந்து கால் நூற்றாண்டு ஒரு லெஸ்பியன் நண்பர் குழுவைத் தொடராக வரைந்தார். படத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்களா, ஆணைத் தவிர வேறு எதையாவது பேசிக்கொள்கிறார்களா என்று பார்ப்போமே, பெக்டெல் டெஸ்ட், அது 1985இல் அந்தத் தொடரில் வந்த ஒரு நகைச்சுவைதான். சினிமாக்காரர்களை இன்றுவரை விடாமல் துரத்துகிறது.

இப்போது விழாக்களுக்கு வருகிறேன். காமிக்ஸ் ரசிகர்களும் படைப்பாளிகளும் கூடும் அமெரிக்காவின் பெரிய விழா, சான் டியேகோ காமிக்-கான், 1970இல் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே கே ரசிகர்கள் அங்கே வந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பக்கத்தில் நிற்பவரும் தன்னைப் போலத்தானா என்று ஒருவருக்கும் தெரியாது. 1988இல் ஆண்டி மாங்கல்ஸ் என்ற எழுத்தாளர் அங்கே 'கேஸ் இன் காமிக்ஸ்' என்று ஒரு பேனல் நடத்தினார். மேடையில் சிலர், மைக், ஒரு மணி நேரம் பேச்சு, கேள்வி பதில். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த அறைக் கதவைத் திறந்து உள்ளே போய் உட்காருவதே ஓர் அறிவிப்பு மாதிரி. பார்வையாளர்களுக்கே அப்படி என்றால் மேடையில் உட்காருபவர்கள்? அவர்களில் இந்தத் தொழிலை நம்பிச் சாப்பிடுபவர்களும் உண்டு. அந்தப் பேனல் ஒரே தடவையோடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் நடந்து, கால் நூற்றாண்டையும் தாண்டியது.

பெரிய கம்பெனி முதல் அடி எடுத்து வைத்தது இதற்கப்புறம்தான். மார்வலின் நார்த்ஸ்டார், கனடா நாட்டு சூப்பர் ஹீரோ, 1979இல் அறிமுகம். இவன் கே என்று மனதில் வைத்துத்தான் வளர்த்தேன் என்று அவனை எழுதி வரைந்த ஜான் பைர்ன் பிறகு சொன்னார். ஆனால் பக்கத்தில் சொல்ல முடியாது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான், அவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில் இன்னோர் எழுத்தாளர் அவனுக்கு எய்ட்ஸ் என்று கதை கொண்டுபோகப் பார்த்தார். அலுவலகத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. இருமிக்கொண்டே கிடக்கிற ஹீரோவுக்கு வேறு என்ன காரணம் சொல்வது? அவனுக்கு மனித ரத்தம் பாதிதான், மீதி தேவதைக் குலம், சொந்த உலகத்தை விட்டுப் பிரிந்ததால்தான் நோய் என்று 1987இல் கதையை முடித்தார்கள். சத்தியமாக. கே என்று சொல்வதைவிடத் தேவதை என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. 1992இல்தான், 'ஆல்ஃபா ஃப்ளைட்' 106ஆம் இதழில், சண்டைக்கு நடுவே அவன் வாய் திறந்து சொன்னான். கதையாக அந்த இதழ் சுமார்தான், ஒளிக்காமல் சொல்கிறேன், வசனமெல்லாம் கத்தல். ஆனால் பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கின. 2012இல், நியூயார்க்கில் தன்பால் திருமணம் சட்டமான மறு ஆண்டு, அவனுக்கும் கைல் என்பவருக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

வரிசையைக் கவனித்தீர்களா? கராத்தே கூடத்து அச்சு, க்ரூஸின் கடிதம், அப்புறம் அந்த அறை, அதற்கப்புறம்தான் நார்த்ஸ்டார். கம்பெனி கொடுத்ததால் வாசகர்கள் வரவில்லை. வாசகர்கள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். திணிக்கிறார்கள் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

ஆர்ச்சி காமிக்ஸில், ஆர்ச்சி, வெரோனிகா, ஜக்ஹெட் என்ற பள்ளி நண்பர்களின் கலகலப்பான கதைகள் அவை, 2010இல் கெவின் கெல்லர் வந்தான். டான் பேரன்ட் உருவாக்கிய பாத்திரம். ஊருக்குப் புதிதாக வந்த அழகான பையன், வெரோனிகா அவன் பின்னால் சுற்றுகிறாள், அவனோ ஜக்ஹெட்டைப் பர்கர் தின்னும் போட்டியில் தோற்கடிக்கிறான். அழுகை இல்லை, பெரிய வசனம் இல்லை. அந்த இதழ் விற்றுத் தீர்ந்து மறு அச்சுக்குப் போனது. அடுத்து அவனுடைய கல்யாண இதழ் வந்தபோது அமெரிக்காவில் ஓர் அம்மாக்கள் அமைப்பு அதை விற்ற பொம்மைக் கடைகளுக்கு எதிராகக் கொடி பிடித்தது, அதுவும் விற்றுத் தீர்ந்தது. சிங்கப்பூரில் மட்டும் அந்தக் கல்யாணம் இருந்த தொகுப்பை விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அது 2014இல் தெரியவந்தது.

மார்வலின் போட்டிக் கம்பெனியான டிசியின் பேட்வுமன் கதை வேறு மாதிரி. பேட்வுமனின் நிஜப் பெயர் கேட் கேன், அவள் லெஸ்பியன், அதை மறைக்க மறுத்ததால் ராணுவப் பயிற்சியிலிருந்து வெளியேற வேண்டி வந்தவள். காதலியிடம் கல்யாணம் பற்றிப் பேசும் வரை கதை போனது. 2013இல், கல்யாணத்தைக் காட்டக் கூடாது என்கிறார்கள் என்று எழுதியவர்கள் இருவரும் விலகினார்கள். பால்டிமோர் காமிக்-கான் மேடையில் அப்போது டிசியின் இணைப் பதிப்பாளராக இருந்த டான் டிடியோ விளக்கம் சொன்னார்: ஹீரோக்களுக்கு சந்தோஷமான சொந்த வாழ்க்கை கூடாதாம், எல்லாருக்கும் அதே விதிதானாம். இருக்கலாம், அந்தக் காலகட்டத்தில் சூப்பர்மேனையும் லோயிஸையும்கூடப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் கல்யாணம் ஆகி, ஆகி, சலித்துப்போனவர்களுக்குப் போடும் விதியை ஒரு தடவைகூட ஆகாதவர்களுக்கும் போட்டால் அது ஒரே விதியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விழாக்களில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2003இல் பிரிஸம் காமிக்ஸ் என்று ஓர் அமைப்பு, முழுக்கத் தன்னார்வலர்கள். சான் டியேகோவில் கடை போட்டார்கள். வீட்டில் ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு யாராவது அங்கே நிற்கலாம், கையெழுத்துப் போடலாம். புதிதாக வரைபவர்களுக்குச் சிறு உதவித்தொகையும் தரத் தொடங்கினார்கள். பேனல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், கடை விழா முடியும் வரை இருக்கும். வந்தவர்கள் மறுபடி வருவார்கள்.

காஸ்ப்ளே, அதாவது பிடித்த பாத்திரம் மாதிரி வேஷம் போட்டு வருவது, அது பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் வொண்டர் வுமன் வேஷத்திலும் பெண் தோர் வேஷத்திலும் நடப்பதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் போட்டோ எடுக்கத்தான். வேறெங்கும் அணிய முடியாத உடையை முதன்முதலாக அணிந்து பார்க்க அதைவிடப் பாதுகாப்பான கூட்டம் சிலருக்குக் கிடைப்பதில்லை. முழுக்கப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. உடையைப் பார்த்து உரிமை எடுத்துக்கொண்டு தொடுகிறவர்கள் இருந்ததால்தான், 2014இல் நியூயார்க் காமிக்-கான் வேஷம் போட்டிருப்பது சம்மதம் கொடுத்ததாக ஆகாது என்று பெரிய பலகை வைக்க வேண்டி வந்தது.

2010 சான் டியேகோவையும் சொல்லியாக வேண்டும். கே மக்களைக் கடவுள் வெறுக்கிறார் என்று ஊர் ஊராகப் போய்ப் பதாகை பிடிக்கும் வெஸ்ட்போரோ தேவாலயத்தினர் அங்கேயும் வந்தார்கள். ரசிகர்கள் சண்டை போடவில்லை. வேஷத்தோடு எதிர்ப் பக்கம் நின்று, 'ஸ்டார் வார்ஸ்' படத்து ஜெடை வீரர்களைக் கடவுள் வெறுக்கிறார், தோரின் அப்பா ஓடினே கடவுள் என்று பதாகை பிடித்தார்கள். அவ்வளவுதான், வந்தவர்களைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை, அந்தப் பதாகைகளின் போட்டோ இன்னும் சுற்றுகிறது.

அப்புறம் தனி விழாவே வந்தது. கீக்ஸ் அவுட் என்ற நியூயார்க் குழு, 2015 ஜூனில் ப்ரூக்ளினில் ஃப்ளேம் கான் நடத்தியது. பணத்தை கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடமே திரட்டினார்கள். வருபவர் தன்னை அவன் என்பதா, அவள் என்பதா, வேறு எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று சட்டையில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் தருவார்கள். அடுத்த ஆண்டே இரண்டு நாள் ஆனது, பின்னர் மன்ஹாட்டனின் டைம்ஸ் சதுக்கப் பக்கம் போனது. தனியாகப் பிரிந்து போவது சரியா, எல்லோரோடும் இருப்பதல்லவா முக்கியம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் வேண்டும். சான் டியேகோவில் கடை போட்டு நிற்பவரும் ஒரு வாரக்கடைசியாவது விளக்கம் சொல்லாமல் இருக்கட்டுமே.

மார்வலும் டிசியும் 2021இல், பால்புதுமையர் (க்வியர் மக்கள்) பெருமை மாதமான ஜூனுக்காக, ப்ரைட் தொகுப்பு கொண்டுவரத் தொடங்கின. சில கதைகள் அருமை. வானவில் அட்டைக்காகவே வாங்க வைக்கும் சரக்கும் இருக்கிறது, வாங்குவதற்கு முன் புரட்டிப் பாருங்கள்.

கடைசியாக பிரேசில். 2019 செப்டம்பர், ரியோ புத்தகக் கண்காட்சி. அவெஞ்சர்ஸ் புத்தகம் ஒன்றில் விக்கன், ஹல்க்லிங் என்ற இரண்டு இளைஞர்கள், முழு உடையோடு, முத்தமிடும் ஒரு படம். நகர மேயர் மார்செலோ கிரிவெல்லா, அவர் ஒரு கிறிஸ்தவ சபையின் பிஷப்பும்கூட, இந்தப் புத்தகத்தைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி எச்சரிக்கை ஒட்டி விற்க வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல் என்றார். அதிகாரிகள் வந்து தேடினால் ஒரு பிரதிகூட இல்லை, எல்லாம் விற்றுவிட்டது. ஃபெலிப்பே நெட்டோ என்ற யூடியூபர், ஆமாம், என்னைப் போல வீடியோ போடுபவர்தான், பால்புதுமையர் பற்றிய புத்தகங்கள் 14,000 வாங்கினார். மேயர் சொன்னபடியே கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றினார். பிற்போக்கானவர்களுக்கு இந்தப் புத்தகம் ஏற்றதல்ல என்று எச்சரிக்கையும் ஒட்டினார். கண்காட்சியில் வந்தவர்களுக்கெல்லாம் இலவசம். ஃபோல்யா நாளிதழ் அந்த முத்தத்தை முதல் பக்கத்திலேயே போட்டது. உச்ச நீதிமன்றம் பறிமுதலைத் தடுத்தது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பெக்டெலின் 'ஃபன் ஹோம்', க்ரூஸின் 'ஸ்டக் ரப்பர் பேபி', சின்ன வயதுக்காரர்கள் என்றால் அலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்'. க்ரூஸ் புத்தகம் கனமானது, இனவெறிக் காலத்து அலபாமாவின் நிழல் அதில் இருக்கிறது, ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஜப்பானைப் பற்றி இன்று வாயே திறக்கவில்லை, தெரியும். 1975இல் டோக்கியோவில் தொடங்கிய, ரசிகர்களே வரைந்து விற்கும் காமிகெட் சந்தையும், அங்கே பெண்கள் வரைந்து விற்ற ஆண்-ஆண் காதல் கதைகளும் அடுத்த வீடியோவில்.