சாமி, பரியேறும் பெருமாள்: ரெண்டுல எது நம்ம ஊரு?

அடுத்த கேள்வி பாளையங்கோட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. “அண்ணாச்சி, ஒரே வாரத்துல சாமி படமும் பாத்தேன், பரியேறும் பெருமாளும் பாத்தேன், ரெண்டுமே திருநெல்வேலிதான், ஆனா ஒரே ஊருன்னு நம்பவே முடியல, இதுல எது நிசம்? ரெண்டாவது படத்த வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாக்கலாமா?”

தம்பி, இது நானே ரொம்ப நாளா யோசிச்ச விசயம். சாமி வந்தது 2003 மே 1, ஹரி சார் படம். எனக்கு அப்போ பள்ளிக்கூட லீவு, எங்க மாமா ஜங்ஷன் பக்கத்து தியேட்டருக்கு கூட்டிட்டுப் போனாவ, வெளிய அக்னி வெயிலு, உள்ள நிக்க எடமில்ல, நம்ம ஊரு அல்வாவ வச்சு பாட்டு வந்ததும் எல்லாரும் எந்திரிச்சு ஆடுதாங்க. நம்ம ஊரு பேர பெரிய திரையில கேட்ட அந்த சந்தோசம் இருக்கே, அத நான் இன்னிக்கும் குறை சொல்ல மாட்டேன். விக்ரம் நடந்து வாறதும் கோட்டா சீனிவாச ராவ் அந்த வில்லன் பெருமாள் பிச்சையா உக்காந்திருக்கதும், இப்பப் பாத்தாலும் கண்ண எடுக்க முடியாது.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தப் படத்துல ஊருல இருக்க எல்லா பயமும் ஒரே ஒரு ஆளுகிட்டதான் இருக்கு. விக்ரம் நடிச்ச போலீஸ் ஆறுச்சாமி மாத்தலாகி வாறாரு, கடைசியில செங்கச்சூளைல வச்சு அந்த ஆள முடிச்சிடுதாரு, ஆளு தலைமறைவுன்னு சொல்லிடுதாங்க, ஊரு சரியாயிட்டு. நாமளும் நிம்மதியா வீட்டுக்கு வந்து சோறு தின்னோம்.

பரியேறும் பெருமாள் 2018 செப்டம்பர் 28 வந்துச்சு, மாரி செல்வராஜுக்கு அதான் முத படம். அதுக்கு சரியா ஒரு வாரம் முந்திதான் சாமியோட ரெண்டாம் பாகமும் வந்திருந்துச்சு, நான் ரெண்டையும் தியேட்டர்ல போயி பாத்தேன். இதுல யார சுட்டா ஊரு சரியாவும், சொல்லுங்க? கல்யாண வீட்டுக்கு பத்திரிக்கை வச்சு கூப்பிட்ட இடத்துலயே ஹீரோ பையன ரூம்ல போட்டு அடிக்காங்க. படத்துல ஒரு தாத்தா வாறாரே, கொத்தனார் வேலை பாக்க சாதாரண மனுசன், நம்ம தெருவுல டீ குடிச்சிட்டுப் போறவரு மாதிரியே இருக்காரு, சாதிப் பெருமைக்குன்னு கொலைய விபத்து மாதிரி செஞ்சிட்டுப் போறாரு, அதையும் குலசாமிக்கு செய்த காரியம்னு நினைக்காரு. எனக்கு பெருமாள் பிச்சையப் பாத்து பயமே வந்ததில்ல தம்பி, அந்த தாத்தாவப் பாத்து ரெண்டு நாளு தூக்கமில்ல.

இன்னொண்ணு பாருங்க, அங்க பெருமாளுங்கது வில்லன் பேரு, இங்க அடி வாங்குத பையன் பேரு, அதுவும் நம்ம நாட்டார் சாமி பேரு. அங்க ஹீரோ வெளிய இருந்து யூனிபார்ம் போட்டு வாறவரு. இங்க ஹீரோ இதே மண்ணுல பொறந்தவன், சட்டம் படிக்க காலேஜுக்குப் போனா கிளாஸ்ல இங்கிலீஷ் புரியாம முழிக்கான், அவன் அப்பா பெண் வேசம் கட்டி ஆடுதவரு. அந்த அப்பாவா வந்த நெல்லை தங்கராஜ் நிசத்துலயும் கூத்துக் கலைஞர்தான். அவர வேட்டிய உருவி ஓட விடுத காட்சில தியேட்டர்ல ஒரு சத்தம் இல்ல, எனக்குப் பக்கத்துல இருந்த பெரியவர் துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுதாரு.

அதெல்லாம் பழைய காலம்னு சிலபேரு சொல்லுதாவ. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு பிளஸ் டூ பையன சாதி வெறில வீடு புகுந்து வெட்டுனது அவன் பள்ளிக்கூடத்துப் பசங்கதான, தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறந்தான் ஓய்வு பெத்த நீதிபதி சந்துருவ வச்சு ஒரு நபர் கமிட்டி போட்டாங்க, பசங்க கையில சாதிக்கொரு கலர்ல கயிறு கட்டக் கூடாதுன்னு அவரு எழுதிக் குடுத்தாரு. அந்தக் கயிறு நம்ம பஸ்ல நீங்களும் பாத்திருப்பிய, நானும் பாத்திருக்கேன்.

அதனால எது நிசம்னு கேட்டா நான் பரியேறும் பெருமாள்னுதான் சொல்லுவேன். சாமில நாம ஆசைப்பட்ட ஊரு இருக்கு, ஒரு நல்ல போலீஸ் வந்தா போதும்னு. இதுல நாம இருக்க ஊரு இருக்கு.

வீட்ல பாக்கலாமான்னா, கண்டிப்பா பாருங்க, அப்பா அம்மாவோட சேந்து பாருங்க. சின்னப் பிள்ளைய இருந்தா மட்டும் கருப்பி நாய தண்டவாளத்துல கட்டிப் போடுத இடம் ஆரம்பத்துலயே வரும், அப்ப பக்கத்துல உக்காந்துக்கோங்க. கடைசில ரெண்டு டீ கிளாஸ், ஒண்ணுல பால் டீ ஒண்ணுல கடுங்காப்பி மாதிரி கருப்பு டீ, நடுவுல ஒரு மல்லிகைப்பூ, அந்த ஷாட் வந்ததும் உடனே டிவிய அமத்திடாதீங்க, கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விடுங்க. எங்க வீட்ல அப்பதான் எங்க அம்மா, அவங்க காலேஜ்ல படிச்சப்ப நடந்த ஒண்ண மொத தடவையா சொன்னாவ.