பெயில் ஆகத் தெரிந்த சோதனை

வணக்கம் நேயர்களே. சாஃப்ட்வேர் டெஸ்டிங் எப்போது உண்மையிலேயே பலன் தரும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்றைக்கு போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள், பலருக்கு ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுபோயின. சோதிக்காமலே அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்த நிறுவனமே பிறகு வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், சோதனைகள் நடந்திருக்கின்றன, பாஸும் ஆகியிருக்கின்றன. எனக்கு அதுதான் அதிகக் கவலை தந்த விஷயம்.

கணினிக்குள் இருக்கும் அவர்களுடைய மென்பொருளுக்கு, எதையெல்லாம் கண்காணிக்க வேண்டும் என்ற விதிகள் அவ்வப்போது தனிக் கோப்பாக வந்து சேரும். அந்த வருடம் பிப்ரவரியில் புதிதாக ஒரு விதி வகையைச் சேர்த்தார்கள். அதற்கு 21 விவரங்கள் உண்டு என்று வரையறையில் இருந்தது, ஆனால் கணினியில் ஓடிய கோட் 20 விவரங்களைத்தான் எடுத்துக் கொடுத்தது. இவ்வளவு பெரிய ஓட்டை ஐந்து மாதம் எப்படித் தெரியாமல் இருந்தது? சோதனைக்காக எழுதிய விதிகளிலும், அதற்குப் பின் வந்த முதல் சில விதிகளிலும், 21ஆவது இடத்தில் 'எது வந்தாலும் சரி' என்று பொருள்படும் வைல்ட்கார்டு போட்டிருந்தார்கள். எது வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டால் அந்த இடத்தை எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை, அங்கே ஒன்றுமே இல்லை என்பதும் வெளியே வராது. ஜூலை 19 அன்று போன விதியில்தான் முதல்முறையாக அந்த இடத்தில் நிஜமான ஒரு நிபந்தனை இருந்தது. கோட் அதைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைப் படிக்கப் போய், விண்டோஸையும் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டது. முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் சேதம் அங்கேயே நின்றிருக்கும். அதுவும் நடக்கவில்லை.

இதனால்தான், யார் ஒரு டெஸ்ட் கேஸை, அதாவது 'இதைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும்' என்று எழுதிய சோதனையை, கொண்டுவந்து காட்டினாலும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியை: உள்ளே கோட் தப்பாக இருந்தால் இது பெயில் ஆகுமா? எங்கே எப்படித் தப்பாக இருந்தால் ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம். அதற்குப் பதில் இல்லையென்றால், அந்த டெஸ்ட் நூறு தடவை பாஸ் என்று பச்சை காட்டினாலும் நமக்கு அதிலிருந்து ஒன்றும் தெரிய வரவில்லை.

ஒரு சின்ன உதாரணம். 60 வயது ஆனவர்களுக்குக் கட்டணச் சலுகை என்று ஒரு விதி. டெவலப்பர் 'வயது 60க்கு மேல்' என்று எழுதிவிட்டார். எழுதியிருக்க வேண்டியது '60 அல்லது அதற்கு மேல்'. டெஸ்டர் 25 வயதைக் கொடுக்கிறார், சலுகை இல்லை, சரி. 70 வயதைக் கொடுக்கிறார், சலுகை உண்டு, அதுவும் சரி. கோடின் எல்லா வரியும் ஓடிவிட்டது, கவரேஜ் 100 சதவீதம் என்று கருவி சொல்கிறது, மேனேஜருக்குச் சந்தோஷம். சரியாக 60 வயதில் கவுண்டருக்கு வருகிறவர் மட்டும் முழுக் காசு கொடுத்துவிட்டுப் போவார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது பானைக்குச் சரி, ஏனென்றால் எல்லாப் பருக்கையும் ஒரே கொதியில் வேகிறது. மென்பொருளில் 59ம் 61ம் வெந்திருக்கும், நடுவில் 60 அரிசியாகவே கிடக்கும். பிழைகள் எல்லைக் கோட்டில்தான் அதிகம் உட்கார்ந்திருக்கும் என்பதால் 59, 60, 61 மூன்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் பூஜ்யம், வெற்றிடம், மைனஸ், வயது என்ற இடத்தில் பிறந்த வருடத்தைப் போட்டுவிடுகிற ஆள், இவர்களையெல்லாம் விடக்கூடாது.

நம் சோதனைகளுக்குப் பிழையைப் பிடிக்கிற சக்தி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நேரடியான வழி ஒன்று உண்டு, 1970களிலிருந்தே ஆய்வாளர்கள் பேசிவருவதுதான், மியூட்டேஷன் டெஸ்டிங் என்பார்கள். கோடை வேண்டுமென்றே கெடுப்பது. பெரிது என்ற குறியைச் சிறிதாக்கு, கூட்டலைக் கழித்தலாக்கு, ஒரு வரியை எடுத்துவிடு, அப்புறம் இருக்கிற எல்லா டெஸ்டையும் ஓட்டு. ஏதாவது ஒன்று பெயில் என்று சிவப்பு காட்டினால் நல்லது. கெடுத்த பிறகும் எல்லாம் பச்சையாகவே இருந்தால், அந்த வரியை யாருமே காவல் காக்கவில்லை என்று அர்த்தம். இதைத் தானாகச் செய்ய ஜாவாவுக்கு பிட் என்ற கருவியும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கரும் இலவசமாகவே கிடைக்கின்றன. கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முக்கியமான பத்து வரியைக் கையாலேயே கெடுத்துப் பார்க்கலாம், ஒரு மதியம் போதும்.

அடுத்தது, எந்தச் சூழலில் சோதிக்கிறோம் என்பது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 வினாடிகூட ஆவதற்குள், திசைமாறி உடைந்து போனது. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4இல், திசையையும் வேகத்தையும் அளக்கும் கருவியில் நன்றாக ஓடிய கோடை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம், அதிலிருந்து வந்த ஓர் எண், அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. அந்தக் கருவியின் துணைக் கணினி முதலில் நின்றது, முதன்மைக் கணினியும் உடனே அதே காரணத்தால் நின்றது, இரண்டிலும் ஒரே கோட்தானே. விபத்துக்குப் பிறகு, அந்தப் பயணத்தின் நிஜப் பாதை விவரங்களைக் கொடுத்துத் தரையில் ஓட்டிப் பார்த்தபோது அப்படியே அதே பிழை வந்தது. ஏரியான் 5 போகப்போகும் பாதையைக் கொடுத்து அந்தக் கருவியை முன்கூட்டியே சோதித்திருந்தால், தரையிலேயே மாட்டியிருக்கும். 'பழைய கோட்தான், வேலை செய்தது' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ராக்கெட்தான் நினைவுக்கு வரும்.

ராக்கெட்டில் ஆள் இல்லை. தெரக்-25இல் ஆள் இருந்தார்கள். கனடாவில் தயாரான கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் அது, 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் உயிரிழந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டைலரில் நடந்ததைச் சொல்கிறேன். அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவர், எலக்ட்ரான் கதிருக்கு 'இ' தட்ட வேண்டிய இடத்தில் எக்ஸ்ரேவுக்கான 'எக்ஸ்' தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேல் அம்புக்குறி விசையால் திரும்பிப் போய்த் திருத்தி, மீதி இடங்களில் என்டரை மளமளவென்று தட்டிக் கீழே வந்துவிட்டார். கதிரை வளைக்கும் காந்தங்கள் சரியான நிலைக்கு வர சுமார் 8 வினாடி ஆகும். அதற்குள் திருத்தி முடித்தால் இயந்திரம் அந்தத் திருத்தத்தைக் கவனிக்காது. நோயாளி மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, திரையில் 'மால்ஃபங்ஷன் 54', அதாவது 'கோளாறு 54', என்று மட்டும் வந்தது. நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்துப் பார்த்தார்கள், பிழை வரவே இல்லை, இயந்திரம் மறுபடி வேலைக்கு வந்தது, ஏப்ரலில் இன்னொரு நோயாளிக்கு அதே கதி. அதன் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அதே ஆபரேட்டரும் சேர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துத்தான் பிழையை வரவழைத்தார்கள். நிறுவனத்துக்குச் சொன்னபோது அங்கே மறுபடியும் வரவில்லை. வேகமாகத் தட்ட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் வந்தது.

சோதிக்கிறவர் நிதானமாக, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத் தட்டுகிறார். தினமும் அதே வேலையைச் செய்து பழகிய கைக்கு அந்த நிதானம் இருக்காது. ஆகவே டெஸ்டிங் வேலையில் இருக்கிற தம்பி தங்கைகள், உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிற இடத்துக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பட்டனை இரண்டு தடவை அழுத்துகிறார்கள், எங்கே பொறுமை இழக்கிறார்கள், நடுவில் போன் வந்தால் திரையை எப்படி விட்டுப் போகிறார்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து இவற்றைக் கற்பனை செய்து எழுத முடியாது.

இன்னொன்று, சுருக்கமாக. ஒருநாள் பாஸ், ஒருநாள் பெயில் என்று காரணமில்லாமல் மாறுகிற டெஸ்டுகளை உடனே சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். 'திரும்ப ஓட்டினால் சரியாகிவிடும்' என்ற பழக்கம் ஒரு டீமுக்குள் வந்துவிட்டால், நிஜமான சிவப்பையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது பலரும் ஏஐயிடம் கோடைக் கொடுத்து, இதற்கு டெஸ்ட் எழுதித் தா என்கிறார்கள். நானும் பயன்படுத்துகிறேன், வேகம் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோடை மட்டும் கொடுத்தால் அது என்ன செய்கிறதோ அதையே 'எதிர்பார்த்த விடை' என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். அந்தச் சலுகை விதியில், 60 வயதுக்குச் சலுகை இல்லை என்பதையே உறுதிசெய்கிற டெஸ்ட் வந்து நிற்கும், பாஸும் ஆகும். எதிர்பார்க்கிற விடை கோடுக்கு வெளியிலிருந்து வர வேண்டும்: அரசாணையிலிருந்து, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த விதியிலிருந்து, கவுண்டரில் இருப்பவரிடமிருந்து. 60 என்றால் முடிந்திருக்க வேண்டுமா, நடந்துகொண்டிருந்தாலே போதுமா, பிறந்தநாள் அன்றைக்கே சலுகை உண்டா, பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு எந்த நாள் கணக்கு என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள், சொன்ன பதிலை டெஸ்ட் கேஸின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

நன்றி நேயர்களே, வணக்கம்.