குப்புறப் பிறந்த பிள்ளைக்கு ஒரு பெயர்

எல்லாருக்கும் வணக்கம். யொரூபா மக்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நைஜீரியாவின் தென்மேற்கு, பக்கத்து நாடான பெனின், கொஞ்சம் டோகோ என்று பரவியிருக்கிற, நாலு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள். இவர்களை ஒரு சாயங்காலத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எனக்குப் பிடித்த இடத்தில், பெயரில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

லாகோஸில் நான் கணக்கு வேலை பார்த்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் தைவோ என்று ஒருவர் இருந்தார். இரட்டையரில் ஒருவர். முதலில் பிறந்தவர் இவர், பின்னாலேயே வந்தவர் கெஹிந்தே. "அப்போ நீங்கதான் அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் பதறிப்போய், "இல்லை இல்லை, அவர்தான் மூத்தவர்" என்றார். எப்படி என்றால், வயிற்றுக்குள் இருக்கிற பெரியவர் சின்னவரைக் கூப்பிட்டு, போய் உலகம் எப்படி இருக்கிறது என்று ருசி பார்த்துச் சொல் என்று அனுப்புகிறாராம். சின்னவர் வெளியே வந்து குரல் கொடுத்த பிறகு பெரியவர் நிதானமாக வருகிறார். பெரிய மனுஷன் ஆள் அனுப்புவானே தவிர, தானே முதலில் ஓடுவானா? தைவோ என்றால் உலகை ருசி பார்த்தவர், கெஹிந்தே என்றால் பின்னால் வந்தவர். ஆணோ பெண்ணோ, இரட்டையருக்கு இந்த இரண்டு பெயர்தான். அடுத்து பிறக்கிற பிள்ளை இடோவு, அதற்கடுத்தது அலாபா.

உலகத்திலேயே இரட்டைப் பிள்ளைகள் மிக அதிகமாகப் பிறப்பது இவர்களிடம்தான். ஆயிரம் பிரசவத்துக்கு நாற்பதுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரட்டையரில் ஒரு குழந்தை இறந்துபோனால், முன்பெல்லாம் ஒரு சாண் உயரத்துக்கு மரத்தில் பொம்மை செதுக்கி வாங்குவார்கள். ஏரே இபெஜி என்று பெயர். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் அம்மா அதற்கும் செய்வாள், குளிப்பாட்டுவாள், துணி கட்டுவாள், ஊட்டுவாள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிற பொம்மைகளைப் பாருங்கள், பலவற்றில் கண்ணும் மூக்கும் மழுங்கிப்போயிருக்கும். கழுவிக் கழுவித் தேய்ந்த முகங்கள் அவை.

இரட்டையருக்கு மட்டுமல்ல, பிறக்கும்போதே பெயரைக் கையோடு கொண்டுவருகிற பிள்ளைகள் வேறேயும் உண்டு. கால் முதலில் வந்தால் இகே. சடையோடு பிறந்தால் தாதா. குப்புறப் பிறந்தால் அஜாயி. தாத்தா செத்த பிறகு பேரன் பிறந்தால் பாபாதுண்டே, அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். பாட்டிக்குப் பிறகு பேத்தி என்றால் யெதுண்டே. எட்டாம் நாள் பெயர் சூட்டும்போது தேன், உப்பு, கோலா கொட்டை, தண்ணீர் எல்லாவற்றையும் குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார்கள். அஜாயி என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சரி, மொழிக்கு வருவோம். இவர்கள் மொழியில் சுருதி தப்பினால் அர்த்தமே தப்பும். 'ஒக்கொ' என்று சமமாகச் சொன்னால் புருஷன். பின்பாதியை ஏற்றிச் சொன்னால் மண்வெட்டி, இறக்கினால் வண்டி, இரண்டையும் இறக்கினால் ஈட்டி. என் ஒக்கொ ரிப்பேராகிவிட்டது என்று நான் சொல்லி, மொத்த ஆபீஸும் சிரித்திருக்கிறது.

ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் அவர்கள் முரசைப் பேச வைத்தார்கள். டுண்டுன் என்ற பறை, நம் உடுக்கை மாதிரி இடை சிறுத்தது, ஆனால் பெரியது. அக்குளில் இடுக்கி வாரை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும், வளைந்த கோலால் தட்டத் தட்டப் பேச்சின் ராகம் அப்படியே வரும். சொல்லின் எழுத்தொலி வராது, ராகம் மட்டும்தான் வரும். அப்புறம் எப்படிப் புரியும்? அதனால்தான் முரசுக்காரர் ஊருக்குத் தெரிந்த பழமொழியையும், குடும்பத்துக்கு என்றே இருக்கிற ஒரிக்கி என்ற புகழ்ப்பாட்டையும் வாசிப்பார். ஒரு வீட்டு விசேஷத்தில் நான் நின்று பார்த்தேன், உள்ளே வந்த பெரியவர் ஒருவரைப் பார்த்து முரசு நாலு தட்டு தட்டியதும், அவர் முகம் மலர்ந்து பையில் இருந்து பணம் எடுத்தார். எனக்கு அது வெறும் சத்தம். அவருக்கு அவர் முப்பாட்டன் பெயர்.

எழுத்து இல்லாததால் செய்தி அனுப்பாமலும் இருக்கவில்லை. ஆறு சோழியைக் கோத்து ஒரு பெண்ணுக்கு அனுப்பினால் காதல் கடிதம். ஆறுக்கான சொல்லில் 'இழுக்கிறது' என்ற அர்த்தமும் ஒலிக்கும். அவள் எட்டுச் சோழி திருப்பி அனுப்பினால், எனக்கும் அப்படித்தான் என்று பதில். இதே முறைக்குப் பயங்கரமான பக்கமும் உண்டு. ஓயோ பேரரசின் மன்னர் அலாஃபின் கொடுமை செய்தால், ஓயோ மேசி என்ற ஏழு பேர் சபை அவருக்கு வெறும் சுரைக்குடுவையோ கிளி முட்டையோ அனுப்பும். வாங்கிய ராஜா தற்கொலை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எழுத்து இல்லை என்றாலே வரலாறும் இல்லை என்று முடிவுகட்டியவர்கள் இருந்தார்கள். 1910-ல் ஃப்ரொபேனியுஸ் என்ற ஜெர்மானியர் யொரூபாக்களின் புனித நகரமான இலே இஃபேவுக்கு வந்து, அங்கே இருந்த உலோகத் தலைச் சிற்பத்தைப் பார்த்தார். அவ்வளவு அழகு. உடனே, இதை ஆப்பிரிக்கர்கள் செய்திருக்க முடியாது, இது கடலில் மூழ்கிய அட்லாண்டிஸின் மிச்சம் என்று எழுதிவிட்டார். 1938-ல் அதே ஊரில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பத்துக்கும் மேற்பட்ட தலைகள் கிடைத்தன, மெழுகு வார்ப்பில், நூல் நூலாக முகத்தில் கோடு போட்டு. கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே வார்த்தவை. அட்லாண்டிஸ் கதையை அதற்கப்புறம் யார் சொல்வது?

இஃபா குறி பார்ப்பதைச் சொல்லாமல் விட முடியாது. எட்டு அரைக்கொட்டைகள் கோத்த சங்கிலியை பாபலாவோ என்ற குறிகாரர் வீசுவார். ஒவ்வொன்றும் மல்லாந்து விழும் அல்லது கவிழ்ந்து விழும், ஆக மொத்தம் 256 அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் கட்டுக்கட்டாகப் பாட்டு, எல்லாமே மனப்பாடம், படிக்க வருஷக்கணக்கில் ஆகும். யுனெஸ்கோ 2005-ல் இதை மானுடத்தின் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. வந்தவர் தன் பிரச்சினையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. குறிகாரர் பாட்டைச் சொல்லிக்கொண்டே போவார், தன் கதை வந்ததும் கேட்பவர் நிறுத்துவார். எட்டு பிட், ஒரு பைட், ஆகவே கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்ததே இவர்கள்தான் என்று வாட்ஸாப்பில் ஓட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு பாட்டைத் தலைக்குள் வைத்திருந்தார்களே, அந்தப் பெருமை போதும்.

ஏனென்றால் பின்னால் அதுதான் உதவியது. 19-ஆம் நூற்றாண்டில் ஓயோ சரிந்து, ஊருக்கு ஊர் சண்டை மூண்டு, பிடிபட்டவர்களை அடிமைகளாகக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். கையில் ஒன்றும் கொண்டுபோக முடியாது, நாக்கில் இருப்பதைத்தான் கொண்டுபோகலாம். கியூபாவிலும் பிரேசிலிலும் இன்றைக்கும் ஷாங்கோவையும் யெமோஜாவையும் கும்பிடுகிறார்கள். யெமோஜா யொரூபா மண்ணில் ஆற்றுத் தெய்வம். அட்லாண்டிக்கைத் தாண்டியதும் கடல் தாயாகிவிட்டாள். சால்வடோர் நகரத்தில் பிப்ரவரி 2-ஆம் தேதி பூவும் சென்ட்டும் கண்ணாடியும் படகில் கொண்டுபோய் அவளுக்காகக் கடலில் விடுகிறார்கள்.

இப்போது அஜாயி. ஓஷோகுன் என்ற ஊர், 1821. கிராமத்தைத் தாக்கிப் பிடித்துக்கொண்டு போனவர்களில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். அம்மாவிடமிருந்து பிரித்து, கை மாறி கை மாறி விற்று, கடைசியில் போர்த்துகீசியக் கப்பலில் ஏற்றினார்கள். 1822-ல் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மறித்து, எல்லாரையும் சியரா லியோனில் இறக்கிவிட்டது. அங்கே ஞானஸ்நானம் வாங்கி, ஒரு ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயரால் சாமுவேல் கிரௌதர் ஆனான். பிறகு யொரூபா சொல்லகராதியும் இலக்கணமும் எழுதி, பைபிளை அந்த மொழிக்குக் கொண்டுவர முன்னின்று, 1864-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனது எல்லாம் பெரிய கதை.

எனக்குப் பிடித்தது நடுவில் நடந்த சின்னச் சம்பவம். 1846-ல் அவர் அபெயோகுட்டாவில் ஊழியத்தில் இருக்கிறார், அம்மா அவரைத் தேடி வந்துவிடுகிறாள். இருபத்தைந்து வருஷம் கழித்து. இருவரும் பிடித்துக்கொண்டு நின்றோம், பேச்சு வரவில்லை என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். அம்மாவுக்கு உடம்பு நடுங்குகிறது, கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. கையைப் பிடித்தபடி, அவருடைய பாட்டி அவரைச் சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழைத்தாளாம். அந்தப் பாட்டி அடிமையாகவே செத்துப்போயிருந்தாள்.