நான்கு வயது வித்தியாசமும் எட்டு எழுத்துகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரியாவில் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பேசும்போது பெரியவர்கள் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "நான்கு வயது வித்தியாசமா? அப்படியானால் பொருத்தமே பார்க்க வேண்டாம்." பார்க்காமலே பொருந்திவிடும் என்று அர்த்தம். பொருத்தத்துக்கு அங்கே குங்ஹாப் என்று பெயர்.

ஏன் நான்கு வயது? கொரியர்கள் பிறந்த ஆண்டுக்கு ஒரு விலங்கைச் சொல்வார்கள். எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று பன்னிரண்டு. இதில் நான்கு நான்காகத் தாண்டினால் ஒரு மூவர் கூட்டணி கிடைக்கும். புலி, குதிரை, நாய் ஒரு கூட்டணி. குரங்கு, எலி, டிராகன் இன்னொன்று. இவர்கள் ஒருவருக்கொருவர் இணக்கமானவர்கள் என்பது கணக்கு. 1990இல் பிறந்தவர் குதிரை, 1994இல் பிறந்தவர் நாய். நான்கு வயது வித்தியாசம், அதனால் நல்ல ஜோடி. ஆறு வயது வித்தியாசம் என்றால் நேர் எதிர். 1990இன் குதிரையும் 1996இன் எலியும் வட்டத்தில் எதிரெதிரே நிற்பார்கள், மோதுவார்கள் என்று சொல்வார்கள்.

இது வெளிப்பொருத்தம். தெருவில் போகும் யாரும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. 1990இல் பிறந்த எல்லோருக்கும் 1996இல் பிறந்த எல்லோரும் பகையா? ஒரு பள்ளியின் ஒரு வகுப்பு முழுக்க இன்னொரு வகுப்போடு ஒத்துப்போகாதா? முறையாகப் படித்த சோதிடர் எவரும் இதை ஏற்க மாட்டார். ஏனென்றால் அவர் கையில் இருக்கும் ஜாதகத்தில் எட்டு எழுத்துகள் உண்டு. அந்த விலங்கு அவற்றில் ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஜாதகத்தின் பெயர் சாஜு, நான்கு தூண்கள். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கும் நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணிலும் மேலே ஒரு வான எழுத்து, கீழே ஒரு மண் எழுத்து. வான எழுத்துகள் பத்து, மண் எழுத்துகள் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு மண் எழுத்துகள்தான் நாம் பார்த்த பன்னிரண்டு விலங்குகள். இரண்டும் சேர்ந்து சுழன்றால் அறுபதில் ஒரு சுற்று முடியும். நம்முடைய பிரபவ, விபவ ஆண்டுகளும் அறுபதுதான் என்பது உங்களுக்கு உடனே நினைவுக்கு வரும். ஆனால் அங்கே நாளும் மாதமும் நேரமும்கூட அறுபதின் சுற்றில்தான் ஓடுகின்றன. நம் ஊர் ஜாதகக் கட்டம்போல் செவ்வாய் எங்கே, சனி எங்கே என்று கிரகம் தேடும் வேலை அதில் இல்லை. எனவே செவ்வாய் தோஷமும் இல்லை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்றுதான் பார்ப்பார்கள். மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு மண்ணாகும், மண்ணிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து நீர், நீரிலிருந்து மறுபடி மரம். இது வளர்க்கும் சுற்று. அடக்கும் சுற்று தனியாக உண்டு: நீர் நெருப்பை அடக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும், இப்படி.

சரி, இந்த முறையில் எத்தனை விதமான ஜாதகங்கள் வரும்? ஆண்டுக்கு 60, மாதத்துக்கு 12, நாளுக்கு 60, நேரத்துக்கு 12. மாதத்தின் வான எழுத்தை ஆண்டும், நேரத்தின் வான எழுத்தை நாளும் முடிவுசெய்துவிடுவதால் அந்த இரண்டுக்கும் 12 மட்டும்தான். பெருக்கினால் 5,18,400. தென்கொரியாவின் மக்கள்தொகை ஐந்து கோடிக்குச் சற்று மேல். சராசரியாக ஒரே ஜாதகத்தை ஏறத்தாழ நூறு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். பன்னிரண்டு விலங்குகளில் நிற்கும் பேச்சுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

எட்டில் எது "நான்"? நாளின் வான எழுத்துதான். இந்தக் கலை சீனாவிலிருந்து வந்தது. அங்கே தாங் வம்சக் காலத்தில் ஆண்டைத்தான் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். சொங் காலத்தில் ஷு ஸிபிங் என்பவரின் பெயரால் அறியப்படும் முறை வந்து, நாளை நடுவில் வைத்தது. கொரியச் சோதிடம் இதைப் பின்பற்றுகிறது. ஆனால் பேச்சுவழக்கில் மக்கள் இன்னும் ஆண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நிபுணர்கள் ஓரமாக வைத்த ஒன்றை வைத்து இன்றும் சம்பந்தங்கள் தட்டிப்போகின்றன என்பது எனக்கு வருத்தமான செய்தி.

உள்பொருத்தம் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் இந்தக் கலையின் அழகு இருக்கிறது. ஒரு பெண்ணின் நாள் எழுத்து காப் என்று வைத்துக்கொள்வோம். காப் என்றால் நெட்டென வளரும் பெரிய மரம். அவள் பிறந்தது எலி மாதத்தில், அதாவது டிசம்பர் 7ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் கடுங்குளிரில். அவளைச் சுற்றி நீர் நிறைய. நீர் மரத்தை வளர்க்கும் என்பது பாடம்தான், ஆனால் உறைந்த நீர் எந்த மரத்தையும் வளர்க்காது. எனவே சோதிடர் முதலில் தேடுவது வெயிலை. இப்போது பையன். அவன் நாள் எழுத்து ப்யொங், அதாவது சூரியன். பிறந்தது ஜூன் மாதக் குதிரை மாதத்தில். அவன் ஜாதகம் காய்ந்து கிடக்கிறது, அவனுக்குத் தண்ணீர் வேண்டும். அவளிடம் மிகுந்தது அவனிடம் இல்லை, அவனிடம் மிகுந்தது அவளிடம் இல்லை. நல்ல பொருத்தம் என்று சோதிடர் தலையசைப்பார்.

கவனியுங்கள், இவள் மாத எழுத்து எலி, அவன் மாத எழுத்து குதிரை. தெருக்கணக்கில் மோதிக்கொள்ளும் அதே இரண்டு! சோதிடர் அதையும் மறைக்க மாட்டார். மாதத்தூண் பெற்றோரையும் வளர்ந்த வீட்டையும் குறிப்பது. ஆகவே, "இரண்டு வீட்டுப் பழக்கங்களும் உரசும், பண்டிகைக்கு யார் வீட்டுக்குப் போவது என்பதில் வாக்குவாதம் வரும், ஆனால் உங்கள் இருவருக்கும் ஒருவர் இன்னொருவருக்கு வேண்டியவர்" என்பார். அப்புறம் இன்னொன்றும் சொல்வார். மரம் எரிந்துதான் நெருப்பு வளர்கிறது. இந்த வீட்டில் அதிகம் கொடுப்பவள் அவளாக இருப்பாள், அதை அவன் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த வகைப் பலன்தான். அதில் பாஸ், ஃபெயில் கிடையாது, கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இருவரும் உட்கார்ந்து பேச ஒரு விஷயம் இருக்கும்.

நேரம் தவறினால் எட்டில் இரண்டு எழுத்து மாறிவிடும். அங்கே ஒரு நாளைப் பன்னிரண்டாகப் பிரிப்பதால் ஒரு பங்கு இரண்டு மணி நேரம். கொரியாவின் கடிகாரம் 135 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது, ஆனால் சியோல் நகரம் ஏறத்தாழ 127 பாகையில் இருக்கிறது. ஆகவே உச்சி வெயில் அங்கே கடிகாரப் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால் பல சோதிடர்கள் எலி நேரத்தை இரவு 11.30இல் தொடங்குவார்கள். 1954 முதல் 1961 வரை நாட்டின் கடிகாரமே அரை மணி பின்தள்ளி இருந்தது. ஒலிம்பிக்கை ஒட்டி 1987, 1988 கோடைகளில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அக்கறையுள்ள சோதிடர் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கணக்கில் கைவைப்பார்.

கல்யாணச் சடங்கிலும் இந்த எட்டு எழுத்துகளுக்கு இடம் உண்டு. சம்பந்தம் உறுதியானதும் மாப்பிள்ளை வீட்டார் அவன் பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரத்தைத் தாளில் எழுதி, மடித்து, துணியில் சுற்றிப் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். இந்தத் தாளுக்குச் சாஜு தான்ஜா என்று பெயர். அதைப் பார்த்துப் பெண் வீட்டார் முகூர்த்த நாளைக் குறித்து அனுப்ப வேண்டும். தாள் கைமாறினாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

அரண்மனையிலும் இதுதான் வழக்கம். ஜோசன் வம்ச அரசர்கள் பட்டத்து இளவரசனுக்குப் பெண் தேடும்போது நாட்டில் கல்யாணங்களுக்கே தடை போடுவார்கள். உயர்குடி வீடுகள் தங்கள் பெண்ணின் பிறந்த விவரத்தோடு அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா பெயர்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று சுற்றுத் தேர்வு நடக்கும். வானியலைக் கவனித்த குவான்சாங்காம் என்ற அரசுத் துறையில் ஜாதகம் பார்ப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அதில் பார்வையற்றவர்களுக்கென்று பதவி ஒதுக்கியிருந்தார்கள். அறுபது எழுத்துச் சுற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு விரல் கணுக்களில் எண்ணிச் சொல்லும் திறமை அவர்களுக்கு இருந்தது. 1960களில் சியோலின் மியாரி மேட்டுச் சாலையோரம் பார்வையற்ற சோதிடர்கள் கூடி ஒரு தெருவையே உருவாக்கினார்கள். இன்று ஹோங்தே போன்ற இளைஞர் பகுதிகளில் சாஜு காபிக்கடைகள் வந்துவிட்டன. காபிக்குச் சொல்லிவிட்டு, காதலனும் காதலியும் பிறந்த நேரத்தைக் கொடுத்தால் சோதிடர் அதே மேசையில் பலன் சொல்வார். பழைய பஞ்சாங்கப் புத்தகத்தின் இடத்தில் இப்போது கைப்பேசிச் செயலி.

இவ்வளவு பாராட்டிச் சொன்ன நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. இந்தக் கலை எழுதப்பட்ட காலத்தின் மனது அதற்குள் அப்படியே இருக்கிறது. ஆணின் ஜாதகத்தில் மனைவியைக் குறிப்பது அவன் அடக்கும் பொருள். சொத்துக்கும் அதே இடம்தான். பெண்ணின் ஜாதகத்தில் கணவனைக் குறிப்பது அவளை அடக்கும் பொருள். பதவிக்கும் அரசாங்கத்துக்கும் அந்த இடம். ஒரு பெண்ணிடம் சாங்க்வான் என்ற அமைப்பு பலமாக இருந்தால், அது அந்தப் பதவியை அடிக்கும், ஆகவே புருஷனுக்கு ஆகாது என்று எத்தனையோ பெண்களைத் தள்ளி வைத்தார்கள். அதே அமைப்பை இன்றைய சோதிடர்கள் பேச்சுத்திறமை, கற்பனை வளம், மேலதிகாரியை எதிர்த்துக் கேட்கும் துணிவு என்று படிக்கிறார்கள். தோஹ்வா என்ற பீச் மலர் அமைப்பும் இப்படித்தான். முன்பு ஒழுக்கக் குறைவு என்ற பழி, இப்போது சினிமாவிலும் பாட்டிலும் ஜொலிப்பவர்களின் கவர்ச்சி. எழுத்து மாறவில்லை, படிப்பவர் மாறியிருக்கிறார். இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

வெளிப்பொருத்தம் செய்த பெரிய கொடுமை குதிரை ஆண்டுப் பெண்களுக்கு. குதிரை ஆண்டில் பிறந்தவள் அடங்காதவள், வெள்ளைக் குதிரை ஆண்டு என்றால் கேட்கவே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை. விலங்கின் நிறத்தை அந்த ஆண்டின் வான எழுத்தை வைத்துச் சொல்வார்கள். 1990 வெள்ளைக் குதிரை ஆண்டு. ஆண் பிள்ளை ஆசை ஏற்கெனவே ஆழமாக இருந்த நாடு, கருவில் என்ன குழந்தை என்று காட்டும் ஸ்கேன் வேறு வந்துவிட்ட காலம். பாலினத்தைச் சொல்லக்கூடாது என்று 1987இலேயே சட்டம் போட்டும் நிற்கவில்லை. அந்த ஆண்டு கொரியாவில் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. இயல்பாக இருக்க வேண்டியது 105 அளவு. பழி முழுவதும் குதிரைமேல் அல்ல. ஆனால் அந்த நம்பிக்கையும் அதற்குத் துணை போனது.

இதற்குச் சாஸ்திர ஆதாரமாவது உண்டா? ஜோசன் அரசிகளின் பட்டியலைப் பாருங்கள். சொங்ஜோங் அரசரின் துணைவி ஜொங்ஹியொன் பிறந்தது 1462. இன்ஜோவின் துணைவி இன்யொல் 1594. ஹியொன்ஜோங்கின் துணைவி மியொங்சொங் 1642. மூவருமே குதிரை ஆண்டில் பிறந்தவர்கள். சோதிடத்துக்கென்றே அதிகாரிகளை வைத்திருந்த அரண்மனை, அந்த விலங்குக்காக இவர்களை ஒதுக்கவில்லை.

2026 மறுபடியும் குதிரை ஆண்டு, இந்த முறை சிவப்புக் குதிரை. இதே சிவப்புக் குதிரை ஆண்டுதான் 1966இல் ஜப்பானை மிரட்டியது. அந்த ஒரே ஆண்டில் அங்கே பிறப்பு எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கொரியாவில் பிறக்கும் ஆண், பெண் குழந்தைகளின் விகிதம் இயல்புக்குத் திரும்பி ஆண்டுகள் ஆகின்றன. இந்த 2026இல் பிறக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து, முப்பது வயதாகும்போது, அவள் காதலனின் அம்மா அவளுடைய பிறந்த ஆண்டை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகாமல், மாதத்தையும் நாளையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

நன்றி, வணக்கம்.