வரப்பில் முன்னால் நடந்தவள்

நேயர்களுக்கு வணக்கம்.

1973ஆம் வருடம். எனக்கு ஒன்பது வயது. இலங்கையின் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் சில நாள் இருந்தோம். அப்புறம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரையில், தாத்தா பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்தக் கணக்கில் நாங்கள் ஐந்து பேர். காகிதத்தில் எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். தாத்தா திரும்பியிருந்தால் அந்தப் பெயர் பொருந்தியிருக்கும். அவர் அந்த மலையிலேயே மண்ணாகிப் போனார். நான் பிறந்தது அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். எனக்கு இது புது நாடு.

நிமிர்ந்து பார்க்க ஒரு குன்றுகூட இல்லாத ஊர். வெக்கை தாங்காமல் இரவில் தம்பி அழுவான். பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'சிலோன்காரி'. ஒருநாள் டீயைத் 'தேத்தண்ணி' என்று சொல்லிவிட்டேன், வகுப்பே சிரித்தது. அதோடு வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். சுற்றிலும் தமிழ், எனக்குத் தெரிந்ததும் தமிழ், அதற்குள்ளே ஒரு பிள்ளை ஊமையாக இருந்தது.

ஐப்பசி வந்தது. அடைமழை. வயல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். சம்பா நடவு முடிந்து இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே வழுக்கும் களிமண் வரப்பு. மலைச்சரிவில் ஓடித் திரிந்த என் கால் அந்த வரப்பில் நிற்கவில்லை. மூன்று நாளில் நான்கு தடவை விழுந்தேன். நடவுப் பயிரை அமுக்கிவிட்டேன் என்று வயல்காரர் சத்தம் போட்டார்.

நாலாம் நாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் மிதிச்ச எடத்துலயே மிதி. கட்டை வெரல நல்லா ஊனிக்க" என்றாள். அவ்வளவுதான், முன்னால் நடந்தாள். நண்டு வளை இருக்கும் இடத்தில் வரப்பு உள்ளே பொக்கையாக இருக்கும், கால் வைத்தால் இறங்கிவிடும். அந்த இடம் வந்ததும் நின்று, திரும்பி, விரலால் காட்டுவாள். மழை விடும்வரை தினமும் அப்படித்தான்.

ஏன் வந்தீர்கள், எப்போது திரும்பிப் போவீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மற்ற எல்லோரும் கேட்டார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் முகாம்களிலிருந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்கான பதில் எந்தப் பிள்ளையின் கையிலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். திண்ணையில் ஏறும்போதே உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அப்பாயி, ரெண்டு தேத்தண்ணி போடு!"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. அந்தச் சொல்லை எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாயி வெளியே வந்து, "ஒங்க ஊருல எப்படிம்மா குடிப்பீங்க?" என்று கேட்டார். பல நாள் கழித்து வாய் திறந்தேன். பால் இல்லாமல், உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம் என்றேன். அவர் அடுப்படிக்குப் போய்த் தேடினார். வீட்டில் சீனி இல்லை. ஒரு வெல்லக்கட்டியை உடைத்து, பெரிய துண்டாகப் பார்த்து, என் உள்ளங்கையை விரித்து வைத்தார்.