குளியல் யார் பொறுப்பு?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு குளியலில் ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீர்கள், இங்கிலாந்தில் பல வருடங்கள் இழுத்த பஞ்சாயத்து இது. வயதான அம்மா ஒருவர், தானாகக் குளிக்க முடியவில்லை, யாராவது வந்து குளிப்பாட்ட வேண்டும். இது மருத்துவக் குளியலா, சமூகக் குளியலா என்று கேட்டார்கள். உடம்பில் நோய் இருந்து அதற்காகக் குளிப்பாட்டினால் மருத்துவம். நர்ஸ் வருவார், காசு கிடையாது. வெறும் சுத்தத்துக்கு என்றால் சமூகப் பராமரிப்பு; உள்ளாட்சியான கவுன்சில் ஆள் அனுப்பும், வசதியைப் பார்த்து பில்லும் அனுப்பும். தண்ணீர் அதே தண்ணீர், சோப்பும் அதே சோப்பு.

இரண்டுக்கும் நடுவில் இந்தக் கோட்டைக் கிழித்தது யார்? 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவையான என்.ஹெச்.எஸ். பிறந்தது நமக்குத் தெரியும். அதே நாளில் தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. முன்னது மருத்துவத்தை எல்லோருக்கும் இலவசமாக்கியது. பின்னது முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் கவனிக்கும் வேலையை உள்ளூர் கவுன்சில்களிடம் விட்டது, வசதி உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்றது. இரண்டையும் கொண்டுவந்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் அனைரின் பெவன்தான். ஒரே அமைச்சர், இரண்டு கல்லாப்பெட்டி.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நோய் என்றால் வரும், குணமாகும், இல்லாவிட்டால் ஆளைக் கொண்டுபோகும். இன்று சர்க்கரை, பலவீனமான இதயம், டிமென்ஷியா எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ்கிறோம். இதில் எது மருத்துவம், எது பராமரிப்பு என்று பிரிக்கச் சொன்னால் யார் பிரிப்பது? ஆனாலும் பிரிக்கிறார்கள். இங்கிலாந்தில் சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால் பராமரிப்புச் செலவு பொதுவாக உங்கள் தலையில்தான். முதியோர் இல்லத்துக்குப் போகும் நிலை வந்தால், கணவனோ மனைவியோ அந்த வீட்டில் தொடர்ந்து இருந்தாலொழிய, சொந்த வீடும் பெரும்பாலும் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்காட்லாந்தில் 2002இலேயே 65 வயதைக் கடந்தவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றிவிடுவது போன்றவற்றை இலவசமாக்கிவிட்டார்கள். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தவும் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கோடு நன்றாக வலிப்பது டிஸ்சார்ஜ் நாளில். டாக்டர் போகலாம் என்கிறார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லை. படுக்கை காலியாகாது. உடனே அந்த மனிதருக்கு 'படுக்கையை அடைத்துக்கொண்டு கிடப்பவர்' என்று ஒரு பட்டம். அவரா போய் அடைத்தார்? 2003இல் இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். கவுன்சில் ஏற்பாடு செய்யத் தவறினால் மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு 100 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. லண்டனிலும் தென்கிழக்கிலும் 120. சுவீடன் 1992இல் செய்ததைப் பார்த்து எடுத்த யோசனை. அபராதம் போட்டால் கோப்பு வேகமாக நகரலாம். ஆனால் ஒரே வீட்டுக்குப் போகவேண்டிய நர்ஸும் கவுன்சில் ஆளும், தாமதம் யாரால் என்று ஒருவருக்கு எதிராக இன்னொருவர் தேதி குறித்து வைக்கத் தொடங்கினால் அப்புறம் சேர்ந்து வேலை செய்வது எப்படி? எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

சரி, மருத்துவம், பராமரிப்பு இரண்டையும் ஒரே அலுவலகமாக்கிவிட்டால்? வட அயர்லாந்தில் 1973இலேயே ஆக்கிவிட்டார்கள். அங்கேயும் காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. இங்கிலாந்தில் 2022இல் சட்டம் போட்டு நாட்டை 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். பெயர்ப்பலகை மாற்றுவதில் நமக்குச் சலிப்பே வராது.

எனக்குப் பிடித்த கதை டோர்பேயுடையது. டெவன் கடற்கரையில் முதியவர்கள் நிறைய வாழும் ஊர். அங்கே 2005இல் இரண்டையும் சேர்த்து நடத்த, 'பராமரிப்பு அறக்கட்டளை' என்ற பெயரில் ஒரு என்.ஹெச்.எஸ். அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் வரைந்தது நிர்வாக வரைபடம் இல்லை; திருமதி ஸ்மித் என்ற கற்பனைப் பாட்டியைத்தான். அவர் விழுந்தால் யாருக்குப் போன் செய்வார்? எத்தனை பேரிடம் அதே கதையைச் சொல்வார்? எந்த முடிவு எடுத்தாலும் திருமதி ஸ்மித்துக்கு இதனால் என்ன ஆகும் என்று கேட்டார்கள்.

ஊரை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நர்ஸ், சமூகப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரையும் ஒரே குழுவாக்கி, அந்தப் பகுதி குடும்ப மருத்துவர்களோடு இணைத்தார்கள். மருத்துவப் பணமும் பராமரிப்புப் பணமும் ஒரே பையில். எனக்கு முக்கியமாகப் பட்டது, ஒவ்வொரு குழுவிலும் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரை வைத்ததுதான். அவர் டாக்டரோ நர்ஸோ ஆக இருக்க வேண்டியதில்லை. போனை எடுப்பார், என்ன வேண்டும் என்று கேட்பார், தானே ஏற்பாடு செய்வார். 'அது எங்கள் துறை இல்லை' என்ற பதிலுக்கு அவரிடம் வேலையே இல்லை. முதியவர்கள் அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்து படுத்துக் கிடக்கும் நாட்கள் அங்கே குறைந்தன.

நெதர்லாந்தில் யோஸ் டி பிளாக் என்ற நர்ஸ் 2006இல் தொடங்கிய பியூர்ட்சோர்க் என்ற வீட்டுப் பராமரிப்பு அமைப்பும் இதே ரகம்தான். அந்தப் பெயருக்கு அக்கம்பக்கப் பராமரிப்பு என்று அர்த்தம். அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழு, மேலாளர் கிடையாது. புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸே குளிப்பாட்டவும் செய்வார். அதற்கு முன் அங்கே வீட்டுப் பராமரிப்பை ஊசிக்கு இத்தனை நிமிடம், குளியலுக்கு இத்தனை நிமிடம் என்று துண்டு போட்டு வைத்திருந்தார்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நான் பராமரிப்பு வேலையில் இருந்த காலத்தில் போன ஒரு வீட்டில், அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த மகளிடம் ஒரு நோட்டு இருந்தது. மாத்திரை நேரம், நர்ஸ் வரும் கிழமை, கவுன்சிலில் பேசியவர் பெயர், அவர் திரும்ப அழைப்பதாகச் சொன்ன தேதி, அழைக்காத தேதி. நான் உட்கார்ந்ததும் அம்மாவின் பிறந்த தேதியைக் கேட்டேன். பேசாமல் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வாரம் அவரிடம் அதைக் கேட்ட நான்காவது ஆள் நான்.

ஒருங்கிணைப்பு வரவேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். அது வந்து ரொம்ப நாளாகிறது. அதை அந்த மகள் சம்பளம் இல்லாமல், விடுப்பு இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார். அந்த நோட்டு அரசாங்கத்தின் கைக்கு எப்போது மாறுகிறதோ அன்றைக்குத்தான் திட்டம் வேலை செய்கிறது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

அதுவரை ஒன்று செய்யலாம். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, இங்கிலாந்தில் உறவினரைப் பார்த்துக்கொள்ளும், 18 வயது நிரம்பியவர்கள் தங்கள் தேவையையும் மதிப்பிடச் சொல்லி கவுன்சிலைக் கேட்கலாம். நோயாளியின் தேவை வேறு, இது வேறு. கூட ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்றில்லை. இத்தனை மணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கும் இல்லை. இங்கே பலர் 'நான் மகள்தானே, இதற்கெல்லாம் என்ன கேட்பது' என்று விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசைக்கு வாருங்கள், பேனா கொண்டு வந்திருக்கிறேன்.