அட்டமியில் ஒரு முகூர்த்தம்

(2025 மார்கழி வளர்பிறை அட்டமி மாலை, பள்ளி மைதானத்தில் வான்நோக்கல் தொடங்குமுன் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். நோட்டீஸைப் பார்த்த பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், வேற நாளே கிடைக்கலையா? அட்டமியில போய் வெச்சிருக்கீங்களே?" அட்டமி, நவமியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். எங்கள் வானியல் மன்றத்துக்கோ வளர்பிறை அட்டமிதான் முகூர்த்த நாள்.

ஆரம்பத்தில் எங்களுக்கே இது தெரியாது. நிலாவைக் காட்டுவதென்றால் பௌர்ணமிதானே என்று கூட்டம் சேர்த்தோம். வந்தவர்கள் கண்ணை வைத்தார்கள், கூசிப்போய் எடுத்தார்கள். "தட்டு மாதிரி இருக்கு" என்றான் ஒரு பையன். அவன் சொன்னது சரி. பௌர்ணமியன்று நிலவின் மேல் வெயில் நமக்குப் பின்னாலிருந்து விழுகிறது. நிழல் கண்ணில் படாது. நிழல் இல்லையென்றால் பள்ளமேது, மேடேது?

இன்று அப்படியில்லை. பாதி நிலவில் வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டைப் பாருங்கள். அங்கே இப்போதுதான் பொழுது விடிகிறது. அந்தப் பக்கத்தில் அப்பினைன் என்று 600 கி.மீ. நீள மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. இருட்டுக்குள் ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளிகள் தனியாக மினுங்கினால் தூசி என்று நினைத்துவிடாதீர்கள். அடிவாரத்தில் இன்னும் விடியாத மலைகளின் உச்சி அது.

நிலவுக்கு மேற்கே மங்கிய மஞ்சளாகத் தெரிவது சனி. போன முறை உழவர் சந்தை வாசலில் தொலைநோக்கியை வைத்திருந்தோம். வரிசையில் நின்ற பாட்டி ஒருவர், பார்ப்பது சனி என்று தெரிந்ததும் பின்வாங்கினார். "சனி பார்வை படக் கூடாதும்பாங்க. நானே போய்ப் பார்க்கிறதா?" "அது உங்களைப் பார்க்கலை பாட்டி, நீங்கதான் அதைப் பார்க்கப் போறீங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குனிந்தார். பிறகு நகரவே மாட்டேன் என்றார்; பின்னால் நின்றவர்கள் சத்தம் போட வேண்டியதாயிற்று.

ஏழரைச் சனி என்கிறோமே, அந்தக் கணக்கின் அடியில் ஒரு நல்ல அவதானிப்பு இருக்கிறது. சனி சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு. பன்னிரண்டு ராசிக்குப் பகிர்ந்தால் ராசிக்கு இரண்டரை ஆண்டு; மூன்று ராசிக்கு ஏழரை. வெறுங்கண்ணால் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் குறித்தவர்களின் உழைப்பு அது. பலன் சொல்வது வேறு விவகாரம், அதற்குள் நான் போகவில்லை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏமாந்து போகாதீர்கள். பாடப்புத்தகத்தில் வரும் அகல வளையம் இன்று தெரியாது. 2025 மார்ச்சில் அந்த வளையம் விளிம்பை நம் பக்கம் திருப்பியது. இன்றும் சனியின் குறுக்கே ஊசிக் கோடு போலத்தான் இருக்கும். குறுக்களவு 2,80,000 கி.மீ., தடிமன் பெரும்பாலான இடத்தில் சில பத்து மீட்டர்! ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஆகும். 1612-இல் கலிலியோவும் இதில்தான் குழம்பினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு சனியின் இருபுறமும் அவர் கண்டவை திடீரென்று காணாமல் போயிருந்தன. அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் 1659-இல் விளக்கும்வரை விடை கிடைக்கவில்லை. ஆக, கலிலியோவைக் குழப்பிய சனியைப் பார்க்கும் ஆண்டு இது. எனக்கென்னவோ அகல வளையத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

அங்கே நிற்கும் பீரங்கி போன்ற குழாய்க்கு டாப்சோனியன் என்று பெயர். ஜான் டாப்சன் என்பவர் 1944 முதல் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவி. கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை என்று கிடைத்ததைச் சேர்த்துத் தொலைநோக்கி கட்டினார். தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டப் போய்விடுகிறார் என்று 1967-இல் மடம் அவரை வெளியே அனுப்பியது. அடுத்த ஆண்டே நடைபாதை வானியலாளர்கள் என்ற குழு பிறந்தது. காட்டுக்கும் மலைக்கும் மக்களைக் கூப்பிடாதே, மக்கள் நிற்கிற இடத்துக்குத் தொலைநோக்கியைக் கொண்டு போ என்பது அவர்கள் வழி. உழவர் சந்தையில் நாங்கள் நின்றதும் அதனால்தான். தெருவிளக்கு எவ்வளவு எரிந்தாலும் நிலாவும் சனியும் வியாழனும் மறைவதில்லை.

அன்று ஓர் ஆட்டோக்காரர் சனியைப் பார்த்துவிட்டு நேரே குழாயின் முன்பக்கம் போய் எட்டிப்பார்த்தார், உள்ளே படம் ஒட்டியிருக்கிறோமா என்று! எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு அது. அவர் கண்ணில் விழுந்தது படமல்ல. சூரியனிலிருந்து போய், சனியில் பட்டு, அங்கிருந்து 80 நிமிடம் பயணம் செய்து வந்த வெயில்.

சரி, வரிசைக்கு வருவோம். கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸைக் கையால் பிடிக்காதீர்கள், கண்ணை மட்டும் கொண்டு போங்கள். இந்தத் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது. பூமி சுழல்வதால் ஒன்றரை நிமிடத்தில் சனி ஓரத்துக்கு நழுவிவிடும். காணோமென்றால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள், திருப்பி வைக்கிறோம். குழந்தைகளுக்கு ஸ்டூல் இருக்கிறது. செல்போன் டார்ச் வேண்டாம், இருட்டுக்குப் பழகிய கண்ணை அது கெடுத்துவிடும். ஏழரை மணிக்கு மேல் கிழக்கே தென்னைக்கு மேலே வியாழன் ஏறும், அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். தம்பி, அந்த மேடை விளக்கை அணைத்துவிடுப்பா. மைக்கும் வேண்டாம்.